நாலாவது டை

அத்தியாயம் 6

கரடி கடித்த மனிதனிடம் எப்படிப் பேச்சைத் தொடங்குவது என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. நான் தபால் வழியில் துப்பறியும் பயிற்சி பெற்றவன். அந்த ஒரு பாடம் தபாலில் தொலைந்திருக்கலாம்.

"எப்படி இருக்கீங்க, கார்வின்?" என்றேன்.

"கரடி நல்லா இருக்கு. என்னைப் பத்தி டாக்டரைக் கேளு."

கார்வின் ராஸ்ட் ஆஸ்பத்திரிக் கட்டிலில் சாய்ந்திருந்தார். இடது தோளிலிருந்து முழங்கைவரை கட்டு. தொடையில் இன்னொன்று. மொன்டானாவின் இந்தப் பக்கத்து மலைகளில் வேட்டைக்கு வருகிறவர்களை அழைத்துப் போகும் வழிகாட்டிகளில் அவர்தான் பெரிய தலை. பெரிய நகரத்து ஆட்கள் அவர் பின்னால் நடப்பதற்காக இரண்டு வருஷம் காத்திருப்பார்கள். என் பின்னால் நடப்பவள் ஜோலீன் மட்டும்தான். அதுவும் நான் வழி தவறிப் போகும்போது பின்னாலிருந்து கூப்பிட வசதியாக இருக்கும் என்பதற்காக.

கார்வின் நல்ல கையை நீட்டிக் குலுக்கினார். "லெஸ்டர், என்ன கை இவ்வளவு மெத்துனு இருக்கு?"

"அது என் கை," என்றாள் ஜோலீன். "அவர் கை இதைவிட மெத்துனு இருக்கும்."

வலி மாத்திரையின் வேலை என்று நினைத்துக்கொண்டேன். இப்படி நினைத்துக்கொள்வதில் நான் கெட்டிக்காரன்.

ஜோலீன் முன்பு பள்ளிக்கூட பஸ் ஓட்டியவள். கத்துகிற கூட்டத்தைச் சமாளித்துப் பழகிவிட்டதால் எனக்கு உதவியாளராக வந்தாள். என்னை 'பாஸ்' என்று கூப்பிடுவாள். அதைச் சொல்லும் தொனியில் மரியாதையைத் தேடினால் பூதக்கண்ணாடி வேண்டும்.

கார்வின் நடந்ததைச் சொன்னார். பனி உருகும் மலைச்சரிவு. புதருக்குள்ளிருந்து கிரிஸ்லி கரடி. இடுப்பில் எப்போதும் இருக்கும் நாற்பத்துநாலு மேக்னம் ரிவால்வரை உருவிச் சுட்டார். முதல் குண்டு மண்ணில், இரண்டாவது எங்கேயோ.

"மூணாவது தடவை விசையை இழுத்தேன். நகரல. சிலிண்டர் கல்லு மாதிரி நின்னுடுச்சு. அதுக்குள்ள அது என் மேல."

ஷெரிஃபின் ஆள் பிறகு அந்த ரிவால்வரைத் திறந்து பார்த்திருக்கிறார். சுடாத தோட்டா ஒன்றில் ஈயக் குண்டு பித்தளைக் கூட்டிலிருந்து நகக்கண் அளவுக்கு முன்னால் நழுவி, சிலிண்டருக்கு வெளியே மூக்கை நீட்டிக்கொண்டிருந்தது. அது துப்பாக்கியின் இரும்புச் சட்டத்தில் இடித்து நின்றதால் சிலிண்டர் சுழலவில்லை.

"என் தோட்டாவை நானே அடைக்கிறேன்," என்றார் கார்வின். "சுட்ட கூட்டைப் பொறுக்கி, சுத்தம் பண்ணி, புது வெடிமருந்து, புது குண்டு. இத்தனை வருஷத்துல ஒண்ணு சிக்கினதில்ல. ஒண்ணுகூட! அப்போ என்ன அர்த்தம்? யாரோ என் தோட்டாவுல கை வெச்சிருக்கான். யாரோ என்ன யாரோ. டீக்தான்."

டீக் அவருடைய தொழில் கூட்டாளி, வயதில் பாதி. தொழிலைத் தானே வாங்கிக்கொள்கிறேன் என்று இலையுதிர் காலத்தில் கேட்டிருக்கிறார். கார்வின் முடியாது என்று வாசலைக் காட்டியிருக்கிறார். தோட்டாப் பெட்டி போன வாரம் முழுக்க டீக்கின் வண்டியில்தான் கிடந்திருக்கிறது.

"ஷெரிஃப் ஆதாரம் கேக்கறான். கொண்டு வா. நாளைக்குக் காலையில புகார்ல கையெழுத்துப் போடப்போறேன். அவன் ஜெயிலுக்குப் போறதை நான் பாக்கணும்."

ஜன்னல் ஓரத்தில் அவர் மனைவி மார்லிஸ் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார். தோல் ஒரே சுருளாக மடியில் இறங்கியது. கார்வின் சொன்னதும் எழுந்து, சாம்பல் நிறப் பிளாஸ்டிக் பெட்டி ஒன்றையும் கார்வினின் பழைய கோட்டுப் பையிலிருந்து எடுத்த நான்கைந்து தோட்டாக்களையும் என்னிடம் கொடுத்தார்.

"பெட்டியில இருக்கிறது சிக்கினதோட சேர்த்து அடைச்சது. பையில இருந்தது போன வருஷத்து நல்லது," என்றார் கார்வின். "ரெண்டையும் வெச்சுப் பாரு. முட்டாளுக்கும் புரியும்."

"அப்போ நமக்கு வாய்ப்பு இருக்கு, பாஸ்," என்றாள் ஜோலீன்.

மார்லிஸ் சிரிக்கவில்லை. என் கண்ணைப் பார்க்கவும் இல்லை.

* * *

"ஓர்வில் கடைக்குப் போறோம்," என்றேன் வண்டியில். "டை வாங்கற மாதிரி பேச்சுக் குடுப்போம்."

"தலைக்கா, தோட்டாவுக்கா?"

என் தலைமுடியின் நிறம் இயற்கையானது என்று ஊரில் நம்புகிறவன் நான் ஒருவன்தான்.

ஓர்வில் ஹாக்கின் துப்பாக்கிக் கடை தீவனக் கடைக்கும் சலவைக் கடைக்கும் நடுவில் இருக்கிறது. கல்லாவுக்குப் பின்னால் சுவர் முழுக்கச் சின்னச் சின்ன டப்பாக்கள். ஒவ்வொன்றிலும் விரல் பருமனுள்ள எஃகு உருளைகள். அவைதான் டை. பிரஸ் என்ற அழுத்துக் கருவியில் திருகி, கைப்பிடியை அழுத்தினால் பழைய கூடு புதுத் தோட்டாவாகும். நானும் வீட்டில் என் முப்பத்தெட்டு அளவு ரிவால்வருக்கு அடைக்கிறவன்தான்.

"வா லெஸ்டர்," என்றார் ஓர்வில். "நீ அடைச்ச தோட்டாவைப் பத்தி க்ளப்ல இன்னும் பேசறாங்க."

"நல்லபடியா பேசறாங்களா?"

"ஒதுங்கி நின்னு பேசறாங்க. என்ன வேணும்?"

"நாற்பத்துநாலு மேக்னத்துக்கு டை."

"ஸ்டீலா, கார்பைடா?"

"என்ன வித்தியாசம்?"

"ஸ்டீல்னா ஒவ்வொரு கூட்டுக்கும் எண்ணெய் தடவணும், அப்புறம் துடைக்கணும். இல்லேன்னா உள்ளே போய் மாட்டிக்கும். கார்பைடுன்னா அந்த வேலை இல்ல. உனக்குத் தடவற பொறுமை இருக்கா?"

"அவர் ரொட்டிக்கு வெண்ணெய் தடவறதே நான்தான்," என்றாள் ஜோலீன்.

"அப்போ கார்பைடு. மூணு டை செட்டா, நாலு டை செட்டா?"

"மூணு போதாதா?"

ஓர்வில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இந்தக் கேள்விக்காகவே கடை திறந்து வைத்திருக்கிறவர் மாதிரி உட்கார்ந்துகொண்டார். "பாரு. சுட்ட கூடு வீங்கியிருக்கும். முதல் டை அதைப் பழைய அளவுக்குச் சுருக்கும். ரெண்டாவது, குண்டு உக்கார்றதுக்காக வாயைத் துளி விரிக்கும். மூணாவது, குண்டை உள்ளே தள்ளி, அதே அழுத்தலில் வாயை உள்பக்கமா மடிக்கும். ஒரே டை, ரெண்டு வேலை. சரியான உயரத்துல திருகி வெச்சா ரெண்டும் நடக்கும். கொஞ்சம் மேலே ஏறிட்டா குண்டு உக்காரும், வாய் மடியாது."

"மடியலேன்னா?"

"ரிவால்வர் சுடும்போது உதைக்குதில்ல? மிச்சத் தோட்டாவுல இருக்கிற குண்டெல்லாம் அந்த உதையில முன்னாடி நழுவப் பாக்கும். அதைப் பல்லால கடிச்ச மாதிரி பிடிச்சு வெக்கிறது அந்த மடிப்புதான். கனமான குண்டு, லேசான துப்பாக்கின்னா கேக்கவே வேணாம்."

நான் கார்வினின் பெட்டியிலிருந்து ஒரு தோட்டாவை எடுத்துக் கல்லாவில் வைத்தேன். ஓர்வில் பூதக்கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"மடிப்பே இல்ல. விளிம்பு நேரா நிக்குது. ஆட்டோமேட்டிக் பிஸ்டலுக்கு அடைச்ச மாதிரி. அதுக்குத்தான் வாய் நேரா இருக்கணும், லேசா இறுக்கினா போதும்."

"ஆட்டோமேட்டிக்!" என்றேன்.

டீக் ஆட்டோமேட்டிக் பிஸ்டல் போட்டிகளில் கோப்பை வாங்கியவர். ஊருக்கே தெரியும். என் மண்டைக்குள் விளக்கு எரிந்தது. என் மண்டைக்குள் எரியும் விளக்குகள் பெரும்பாலும் தீ விபத்தாகத்தான் முடியும், ஆனால் அந்த நொடியில் அது ஞாபகம் வருவதில்லை.

"நான் இன்னும் முடிக்கல," என்றார் ஓர்வில். "நாலாவது டை என்ன பண்ணும்னா..."

நான் அதற்குள் வாசலில் இருந்தேன். ஜோலீன் மட்டும் மாட்டிறைச்சி வற்றல் வாங்குகிறேன் என்று பின்தங்கினாள்.

* * *

டீக் தன் கொட்டகையில் கோவேறு கழுதை ஒன்றின் குளம்பைத் தூக்கிப் பிடித்து அராவிக்கொண்டிருந்தார். நான் கம்பீரமாக உள்ளே நடந்தேன். கழுதை வாலைச் சுழற்றி என் தொப்பியைத் தட்டிவிட்டது.

"ஒண்ணும் மறைக்க வேண்டாம், டீக்," என்றேன் தொப்பியைச் சாணத்திலிருந்து எடுத்தபடி. "கார்வினோட தோட்டாவை ஆட்டோமேட்டிக் டையில போட்டு அடைச்சது நீங்க. வாய்மடிப்பு இல்லாத தோட்டாவே சாட்சி."

டீக் குளம்பைக் கீழே விட்டார். நிதானமாக அரத்தைத் துடைத்து மாட்டினார். மூலையில் இருந்த பிரஸ்ஸிலிருந்து ஒரு டையைக் கழற்றிக்கொண்டு வந்து என் கையில் வைத்தார்.

"இதுதான் நான் வெச்சிருக்கிற டை. நாற்பத்தஞ்சுக்கு. வேற எந்த அளவுக்கும் நான் அடைக்கிறதில்ல. உங்க சாட்சியை உள்ளே விடுங்க."

விட்டேன். தோட்டா உள்ளே போய் எந்தப் பக்கமும் படாமல் கடகடவென்று ஆடியது. அண்ணன் காற்சட்டையைப் போட்டுக்கொண்ட தம்பி மாதிரி.

"அது அளவுலயும் பெருசு, உயரத்துலயும் குட்டை," என்றார் டீக். "இதை வெச்சு நாற்பத்துநாலோட வாயைத் தொடக்கூட முடியாது, சார்."

"ஆமாம்," என்றேன். வேறு என்ன சொல்வது?

"எழுதி வெச்சுக்கோங்க, பாஸ்," என்றாள் ஜோலீன். "பெருசு சின்னதுக்குப் பொருந்தாது. அடுத்த கேஸ்ல உதவும்."

டீக் சிரிக்கவில்லை. தீவன மூட்டையின் மேல் உட்கார்ந்தார். "நான்தான்னு அவரே சொன்னாரா? அவர் வாயால?"

நான் தலையாட்டினேன்.

"கரடி அவரைப் புரட்டிக்கிட்டு இருந்தப்போ என் கையில மிளகாய் ஸ்ப்ரே மட்டும்தான். அது மூஞ்சிக்கு எதிர்ல போய் நின்னு அடிச்சேன். பாதி என் கண்ணுலயே விழுந்துச்சு. அப்புறம் அவரை முதுகுல தூக்கிக்கிட்டு வண்டிவரைக்கும் இறங்கினேன். வழியெல்லாம் 'பாத்து நட, பாத்து நட'ன்னு என்னைத் திட்டிக்கிட்டே வந்தார்." கைகளைப் பார்த்துக்கொண்டார். "கொல்லணும்னா சும்மா நின்னிருந்தா போதுமே, சார்."

கார்வினைக் கரடியிடமிருந்து மீட்டது யார் என்று நான் ஏன் ஆஸ்பத்திரியிலேயே விசாரிக்கவில்லை என்று நீங்கள் கேட்கலாம். ஜோலீனும் கேட்டாள்.

"தொழிலை வாங்கிக்கறேன்னு கேட்டது உண்மையா?" என்றேன்.

"உண்மை."

"ஏன்?"

"அதை நான் சொல்ல மாட்டேன். அவர் சொல்லட்டும்." எழுந்து கழுதையின் கழுத்தைத் தட்டினார். "நாளைக்கு ஷெரிஃப் வந்தாலும் சொல்ல மாட்டேன்."

* * *

வண்டியில் ஏறியதும் ஜோலீன் வற்றலைக் கடித்தபடி, "நாலாவது டை என்ன பண்ணும்னு தெரியுமா, பாஸ்?" என்றாள்.

"தெரியும்," என்றேன்.

"என்ன பண்ணும்?"

"தெரியாது."

"மடிக்கிறதுக்கு மட்டுமே தனி டை. எல்லா வேலையும் முடிஞ்ச தோட்டாவைக் கடைசியா ஒருதரம் அதுல விட்டு எடுக்கலாம். வாயை ஒழுங்கா மடிச்சுக் குடுக்கும். அதோட அடியில ஒரு கார்பைடு வளையம் இருக்கு. தோட்டா உள்ளே போய் வரும்போது அது உரசி, பித்தளையில பளபளன்னு ஒரு பட்டை விழும். ஓர்வில் சொன்னார். நீங்க கொஞ்சம் நின்னிருந்தா உங்ககிட்டயும் சொல்லியிருப்பார்."

கோட்டுப் பையில் இருந்த பழைய நல்ல தோட்டா ஒன்றையும், பெட்டியில் இருந்த கெட்டது ஒன்றையும் வண்டியின் முன்கண்ணாடிக்கு எதிரே வெயிலில் பிடித்தாள். நல்லதில் வாய் அழகாக உள்வாங்கியிருந்தது. உடம்பைச் சுற்றி மோதிரம் போட்ட மாதிரி ஒரு பளபளப்பு. கெட்டதில் இரண்டும் இல்லை.

"கார்வின்கிட்ட நாலு டை செட்டு இருக்கு," என்றேன். "யாரோ அந்த நாலாவதைத் திருடிட்டாங்க. அதான் புதுசுல பட்டை இல்ல!"

"இருக்கலாம்," என்றாள் ஜோலீன். அவள் 'இருக்கலாம்' என்றால் இல்லை என்று அர்த்தம்.

மார்லிஸ் கோழிகளுக்குத் தீனி போட வீட்டுக்கு வந்திருந்தார். கார்வினின் வேலைமேஜையைப் பார்க்க வேண்டும் என்றதும் கராஜைத் திறந்துவிட்டு, காபி போடுகிறேன் என்று உள்ளே போனார்.

மேஜை ஒழுங்காக இருந்தது. பிரஸ். அதில் மூன்றாவது டை திருகியபடி. பக்கத்தில் தேய்ந்துபோன சிவப்பு டப்பா. அதற்குள் மூன்று குழிகள். மூன்றே குழிகள்.

"மூணு டை செட்டு," என்றாள் ஜோலீன். "நாலாவது இங்கே எப்பவும் இருந்ததில்ல. இருந்தாத்தானே திருட?"

நான் மேஜைக்கு அடியில் தவழ்ந்து பார்த்தேன். மரத்தூள், ஒரு செத்த வண்டு, பழைய கந்தல் ஒன்று. கந்தலை இழுத்தபோது உள்ளே கனமான எதுவோ இருந்தது. பிரித்தேன். சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு ஒரு பூதக்கண்ணாடி, விளக்கு வைத்தது. எழுந்திருக்கும்போது மேஜை விளிம்பில் மாட்டிய இரும்புப் பிடியில் தலையை இடித்துக்கொண்டேன். துப்பறியும் வாழ்க்கையில் எனக்குக் கிடைக்கும் அடிகளில் பாதி மேஜைகளிடமிருந்து வந்தவை.

"ஜோலீன், இதை ஏன் ஒளிச்சு வெக்கணும்?"

அவள் பிரஸ்ஸில் இருந்த மூன்றாவது டையைத் தொட்டுப் பார்த்தாள். அதைப் பிடித்து நிறுத்தும் வளையம் தளர்ந்திருந்தது. விரலால் தள்ளினாலே மேலே ஏறியது.

"பாஸ், நாம முதல்லேர்ந்தே தப்பா கேட்டுக்கிட்டு இருக்கோம். கெட்ட தோட்டாவை யாரு தொட்டாங்கன்னு கேட்டோம். அதை யாரும் தொடல. இந்த டையில இப்போ அடைச்சா அப்படித்தான் வரும். கார்வின் அடைச்சார், அப்படியே எடுத்துக்கிட்டு மலைக்குப் போனார்." நல்ல தோட்டாவை என் கையில் வைத்தாள். "இந்தப் பட்டை நல்லதுலதானே இருக்கு? யாரோ கை வெச்சது நல்ல தோட்டாவுல."

என் வாய் மடியாமல் திறந்தே இருந்தது.

"தேட வேண்டாம்," என்று பின்னாலிருந்து குரல் வந்தது.

மார்லிஸ் காபித் தட்டோடு வாசலில் நின்றார். "அது இங்கே இல்ல. சமையலறையில மாவு டப்பாவுக்குப் பின்னாடி இருக்கு."

* * *

கையில் பிடித்து அழுத்துகிற சின்னப் பிரஸ் ஒன்று, அதில் திருகிய ஒரே ஒரு டை. மாவு படிந்திருந்தது. மார்லிஸ் அதைச் சாப்பாட்டு மேஜையில் வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தார்.

"எங்க அப்பாவும் அடைப்பார்," என்றார். "எனக்குப் பழக்கம்தான். கார்வினோட தோட்டாத் தட்டை ஒருநாள் துடைக்கப் போனேன். பாதி மடிஞ்சிருக்கு, பாதி மடியல. சொன்னேன். தட்டையே தூக்கிச் சுவத்துல எறிஞ்சான். 'எனக்கு அடைக்கத் தெரியாதுன்னு சொல்றியா'ன்னு கேட்டான். ஒரு வாரம் சோஃபாவுல படுத்தான். நான் அடைக்கத் தெரியாதுன்னு சொல்லல. அவனுக்கு வேற என்னவோ தெரியலன்னு எனக்குப் புரிஞ்சுபோச்சு."

"கண்ணு," என்றாள் ஜோலீன் மெதுவாக.

"நடுவுல ஒரு கறை மாதிரி. ஓரத்துலதான் தெரியுது. டாக்டர்கிட்ட வர மாட்டேங்கறான். மலையில கால் பழக்கத்துல நடக்கறான். மிச்சத்தை டீக் பாத்துக்குவான். 'அங்கே எல்க் மான் நிக்குது பாருங்க'ன்னு அவனுக்குக் கேக்கற மாதிரி வந்தவங்ககிட்ட சொல்லுவான்."

டீக் எதைச் சொல்ல மாட்டேன் என்றார் என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது. எனக்கு எல்லாம் அப்போதுதான் புரியும்.

"மறுநாளே ஓர்வில் கடைக்குப் போனேன்," என்றார் மார்லிஸ். "நாலாவதை மட்டும் தனியா கேட்டேன். யாரும் அப்படிக் கேக்க மாட்டாங்க. அவர் என்னைப் பாத்தார், ஒண்ணும் கேக்காம எடுத்துக் குடுத்தார். அதுலேர்ந்து கார்வின் சனிக்கிழமை காலையில காபிக்கடைக்குப் போனதும், அவன் அடைச்சது அத்தனையும் இதுல ஒருதரம் விட்டு எடுத்து, அப்படியே திரும்ப அடுக்கி வெச்சுடுவேன். வருஷக்கணக்கா. ஒண்ணுகூடச் சிக்கினதில்லன்னு ஊரெல்லாம் சொல்லிக்குவான். சொல்லிக்கட்டும்னு இருந்தேன்."

"இந்தத் தடவை?"

"மகளுக்குப் பிரசவம். பில்லிங்ஸ் நகரத்துக்குப் போயிருந்தேன். குழந்தை ஒரு வாரம் தாமதமா பொறந்தது." விரலால் மேஜையில் மாவைக் கோடாக இழுத்தார். "பேத்தியை மடியில வெச்சிருந்தப்போதான் போன் வந்துச்சு, கரடி கடிச்சிடுச்சுன்னு. எனக்கு அந்த நிமிஷமே தெரிஞ்சுபோச்சு."

"ஏன் சொல்லல?" என்றேன்.

"சொன்னா அவன்கிட்ட என்ன மிச்சம் இருக்கு, லெஸ்டர்? தோள் போச்சு. கண்ணும் போச்சுன்னு ஊருக்குச் சொல்லணுமா? ஆனா டீக் உள்ளே போறதை நான் பாத்துக்கிட்டு இருக்க மாட்டேன். நாளைக்குச் சொல்லிடலாம்னு இருந்தேன். நேத்தும் அப்படித்தான் இருந்தேன்."

நான் தொண்டையைச் செருமினேன். தொழில் தர்மப்படி வாடிக்கையாளரிடம் உண்மையை நான்தான் சொல்ல வேண்டும். கார்வினின் நல்ல கை நினைவுக்கு வந்தது. அதுவும் பெரிய கைதான்.

"நீங்க சொல்றதுதான் முறை," என்றேன் மார்லிஸிடம்.

"தைரியசாலி," என்றாள் ஜோலீன், எங்கள் இருவரில் யாரை என்று சொல்லாமல்.

"கூட வாங்க ரெண்டு பேரும்," என்றார் மார்லிஸ். "வெளியாள் இருந்தா ரொம்பக் கத்த மாட்டான்."

* * *

கார்வின் மதியச் சாப்பாட்டை ஒதுக்கிவைத்திருந்தார். "கொண்டு வந்தியா?" என்றார் கதவுச் சத்தம் கேட்டதும்.

மார்லிஸ் கட்டிலில் உட்கார்ந்து, டையை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தார். அவர் விரல்கள் அதைத் தடவின. மேலே திருகு, கீழே வளையம்.

"மடிக்கிற டை. என்னோடது இல்ல."

"என்னோடது," என்றார் மார்லிஸ்.

வராந்தாவில் யாரோ வண்டி தள்ளிக்கொண்டு போனார்கள்.

"எத்தனை தோட்டாவுல?" என்றார் கார்வின்.

"எல்லாத்துலயும். நான் பில்லிங்ஸ் போற வரைக்கும்."

"என் தோட்டாவைத் தொட்டியா நீ!"

"தொட்டேன்."

"என்கிட்ட சொல்லாம!"

"சொன்னேன். தட்டைத் தூக்கி எறிஞ்சே."

கார்வினின் கழுத்து சிவந்தது. இதோ வரப்போகிறது என்று நான் ஓரமாக நகர்ந்தேன். குளுகோஸ் தொங்கும் கம்பியின் சக்கரத்தில் கால் மாட்டி, அதைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றேன். யாரும் என்னைக் கவனிக்கவில்லை. அதற்காக நன்றியோடு அப்படியே நின்றேன்.

"அப்போ இத்தனை வருஷமா..." என்றார் கார்வின். "வர்றவங்க எல்லார்கிட்டயும் சொல்லுவேன். என் தோட்டா சிக்காதுன்னு. ஒவ்வொருத்தன்கிட்டயும்."

"சிக்கலையே. நீ சொன்னது நிஜம்தானே."

"நீ எல்லாம் கேட்டுக்கிட்டே பக்கத்துல காபி ஊத்திக்கிட்டு இருந்தே."

"ஆமாம்."

"சிரிப்பு வரலையா உனக்கு?"

"ரெண்டு மூணு தடவை வந்துச்சு. வெளியே போய்ச் சிரிச்சேன்."

அவரிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. வலியா சிரிப்பா என்று எனக்குப் பிடிபடவில்லை. தையல் இழுத்திருக்க வேண்டும், தோளைப் பிடித்துக்கொண்டார். பிறகு முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பி, அப்படியே இருந்தார்.

"அவன் முதுகுல என்னைத் தூக்கிக்கிட்டு வந்தான்," என்றார். "அவன் கண்ணு ரெண்டும் எரிஞ்சுக்கிட்டு இருந்துச்சு. தடுமாறித் தடுமாறி நடந்தான். நான் அவனைத் திட்டிக்கிட்டே வந்தேன்."

ஜோலீன் கைக்குட்டையைத் தேடினாள். என்னிடம் இருந்ததைக் கொடுத்தேன். கழுதைக் கொட்டகையில் தொப்பியைத் துடைத்தது என்று அவள் முகத்தைப் பார்த்த பிறகுதான் நினைவு வந்தது.

கார்வின் பக்கத்து மேஜையில் கையை அலையவிட்டுத் தன் போனை எடுத்தார். முகத்துக்கு அருகே கொண்டுபோனார். தள்ளிப் பிடித்தார். தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, ஓரக்கண்ணால் பார்த்தார். கட்டைவிரல் எண்களுக்கு மேலே எங்கே இறங்குவது என்று தெரியாமல் நின்றது. நாங்கள் மூன்று பேரும் பார்த்துக்கொண்டே இருந்தோம். உதவிக்கு நகர்ந்த என்னை ஜோலீன் முழங்கையால் நிறுத்தினாள்.

கடைசியில் போனை மனைவி பக்கம் நீட்டினார்.

"டீக் நம்பரை நீ போடு."

மார்லிஸ் வாங்கவில்லை. "ஏன், உனக்கு என்ன?"

"எனக்குத் தெரியல."

"என்ன தெரியல?"

"கண்ணு தெரியல, மார்லிஸ்."

அவர் வாங்கி எண்ணைப் போட்டு, கணவரின் காதில் வைத்துப் பிடித்துக்கொண்டார். மணி நாலைந்து தரம் அடித்தது. டீக்கின் குரல் எங்களுக்கும் கேட்டது. "ம்" என்றார், அவ்வளவுதான்.

கார்வின் தொண்டையைச் சரிசெய்தார். "கழுதைக்குத் தீனி போட்டியா?"

"போட்டேன்."

"குளம்பு?"

"அராவிட்டேன்."

"நல்லது." மலையில் கூட்டம் கூட்டமாக ஆட்களை நடத்திச் சென்றவர், அடுத்த வார்த்தைக்கு வழி தெரியாமல் நின்றார். "டீக், நாளைக்கு இங்கே வா."

"ஷெரிஃபோடயா?"

"தனியா. என்னால உன்னைப் பாக்க முடியாது. நீ வந்து என்னைப் பாரு."